ஏழு நாள் மின்சாரம்

குப்புறப் படுத்திருக்கிறார் ஹால்வர் பிரெக்கே.
அரைமயக்கம் போதும்,
எங்கே என்று அவர்தான் சொல்லவேண்டும்.
தண்டுவடத்துக்குச் சற்று வெளியே
சேமியா கனத்தில் ஒரு கம்பி ஏறுகிறது.
அதன் நுனியில் எட்டுப் புள்ளிகள்.
கணினிப் பலகையுடன் நான்
திரைக்கு இந்தப் பக்கம்.

"எங்கே தெரிகிறது?"
"இடுப்பில். இல்லை, தொடையில்."
"இப்போது?"
"முழங்காலுக்குக் கீழே. என்னவோ ஊர்கிறது."
"எறும்பா?"
"மழைக்கு முன்னால் ஏரி சிலிர்க்குமே, அது."
மூன்றும் நான்கும் என்று குறித்துக்கொண்டேன்.
ஏரிக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

டுலூத்திலிருந்து வடக்கே இரண்டு மணி நேரம்,
சுப்பீரியர் ஏரிக்கரையில் வீடு.
நாற்பது நவம்பர்கள்
உறைந்த விரல்களோடு
ஹெர்ரிங் வலையைத் தனியாளாய் வலித்தவர்.
நாலாவது எலும்புக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே
தட்டு பிதுங்கியது.
ஒருமுறை வெட்டிப் பார்த்தார்கள்.
மறுமுறை திருகாணி போட்டார்கள்.
எக்ஸ்ரேயில் எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது.
இடுப்பிலிருந்து கட்டைவிரல்வரை
எரிகிற கம்பி ஒன்றுதான்
எந்தப் படத்திலும் விழவில்லை.
படகை விற்றார்.
வலை போனது,
வலித்தது போகவில்லை.

சோதனைக்கு ஏழு நாள்.
பெட்டி வெளியே, பிளாஸ்திரிக்கு அடியில்.
குனியாதீர்கள். முறுக்கித் திரும்பாதீர்கள்.
தோளுக்கு மேல் கையைத் தூக்காதீர்கள்.
குளியல் கிடையாது.
பாதிக்குப் பாதி குறைந்தால்
தீப்பெட்டி அளவில் ஒன்றை
பிட்டத்துக்கு மேலே தைத்துவிடுவோம்.
அதற்குக் கீழே என்றால்
காப்பீட்டுக்காரர்கள் காசு தரமாட்டார்கள்.

"பாதியை எதால் அளப்பீர்கள்?"
"பூஜ்யத்திலிருந்து பத்துவரை ஒரு எண் சொல்லுங்கள்."
"மீனைக்கூட நான்
தராசில் போட்டுத்தான் விற்றேன்" என்றார்.

ஐந்தாம் நாள் லோர்னா கூப்பிட்டாள்.
விலாவில் அடிக்கிறதாம்,
காலில் ஒன்றுமே இல்லையாம்.
பனி வாரிய சாலையில் ஓட்டிக்கொண்டு போனேன்.
கம்பி நழுவியிருக்கிறது,
சொல்ல எக்ஸ்ரே வேண்டியதில்லை.
"என்ன செய்தீர்கள்?"
"ஒன்றும் செய்யவில்லை."
சட்டைக் கையில் வெள்ளிச் செதில்.
கொல்லைக் கதவோரம் வாளி,
வாளியில் பன்னிரண்டு ஹெர்ரிங்,
ஒன்று இன்னும் வாலை அடித்துக்கொண்டு.
அண்டைவீட்டான் படகாம், அரைமணி நேரம்தானாம்.
இதையும் லோர்னாதான் சொன்னாள்,
ஜன்னலைப் பார்த்தபடி.

நான் திட்டவில்லை.
மூன்றை அணைத்தேன், ஆறைக் கூட்டினேன்,
துடிப்பை ஒரு முடியளவு அகலமாக்கினேன்,
ராத்திரி வானொலியில்
தூரத்து நிலையத்தைத் தேடுகிறவள் போல.
இரைச்சல்.
இரைச்சல்.
விலா.
மறுபடி இரைச்சல்.
பிறகு அவர் கண்ணை மூடிக்கொண்டார்.
"ஏரி" என்றார்.

ஏழாம் நாள் கம்பியை உருவினார்கள்.
ஒரு மூச்சுக்குள் வந்துவிட்டது வெளியே,
அத்தனை சின்னது.
படிவத்தை நீட்டினேன். எத்தனை சதவீதம்?
ஹால்வர் கூரையைப் பார்த்தார், கையைப் பார்த்தார்.
லோர்னா பேசினாள்:
"மூன்று வருஷமாய் நாற்காலியில்தான் தூங்குகிறார்.
இரண்டாம் ராத்திரி கட்டிலுக்கு வந்தார்.
அந்தக் குறட்டையில் நான் பொட்டுக் கண் மூடவில்லை.
அதற்கு என்ன எண் போடுவாய்?"
"எழுபது?" என்றேன்.
"அவர் குறட்டையை நீ கேட்டதில்லை.
எண்பது போடு."
அவர் தலையசைத்தார். போட்டேன்.

வாகன நிறுத்தத்தில்
கார்க்கதவைப் பிடித்தவர் அப்படியே நின்றார்.
பழைய நெருப்பு வலக்காலில் இறங்கியதை
முகம் காட்டிக்கொடுத்தது.
சிரித்தார்.
"பார், வந்துவிட்டது.
அப்படியானால் நிஜமாகவே போயிருந்திருக்கிறது."

பிறகு தணிந்த குரலில்:
"உள்ளே வைத்த பிறகு, சார்ஜ்?"
"வாரம் ஒருமுறை. பெல்ட்டைக் கட்டிக்கொண்டு
ஒரு மணி நேரம் உட்காரவேண்டும்."
"புயலில் நாலைந்து நாள் கரண்ட் போகும் எங்களுக்கு."
எனக்குப் பதில் சட்டென்று வரவில்லை.

"ஜெனரேட்டர் இருக்கிறது" என்றாள் லோர்னா,
அவர் காலைத் தூக்கி உள்ளே வைத்தபடி.
"மீன் ஃப்ரீசருக்கு வாங்கியது.
இவருக்கும் ஆகும்."